அம்மா திருப்பிய நூற்று நாற்பது பக்கங்கள்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. முப்பத்தைந்து வருஷம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்து கொடுத்தவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்று உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே, அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இப்போதுதான் சிரிப்பு வருகிறது, ஆனால் சொல்ல அவள் இல்லை, அதாவது இருக்கிறாள், சொல்ல முடியாமல் இருக்கிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மேல் தொட்டி மறுபடி ஒழுகி உன் அறைச் சுவரில் ஈரம் பூத்திருக்கிறது, உன் பெட்டிகளை எடுத்து எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன், கவலைப்படாதே. இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய சேதி. போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, ஐந்து ஞாயிற்றுக்கிழமையாக அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உன்னோடு பேசினேன். மெசேஜில் அடிக்கலாம் என்று பார்த்தேன், விரல் வரவில்லை. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச மாட்டாய், எனக்கும் உன் குரலைக் கேட்டுப் பாதியில் பேச்சை மாற்றத் தோன்றாது, அதனால்தான் இந்தக் கடிதம். பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், பொறுமையாகப் படி.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த அன்றைக்கு அவள் கையிலிருந்து விழுந்து உடைந்த, புத்தகம் படிக்கிற பழைய ரீடருக்குப் பதிலாக நீ புதிது அனுப்பினாய் இல்லையா, அது வந்து சேர்ந்ததும் கம்ப்யூட்டரோடு இணைத்து, அம்மா பதினைந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த எண்பத்து மூன்று புத்தகங்களையும் அதற்குள் போட்டேன். ஒன்றும் திறக்கவில்லை. இந்த வகை ஃபைலைத் திறக்க இயலாது என்று ஒரே பல்லவி. பழைய ரீடர் படித்த வகை வேறு, புதிய ரீடர் படிக்கிற வகை வேறு, மாற்றிக் கொடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறது, பத்தே நிமிஷ வேலைப்பா என்று சொல்லி நீ படிப்படியாக எழுதி அனுப்பினாய். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு ஒரு மாதம் ஆனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கடைசியில் அம்மாவின் புத்தகங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு நம் தெருமுனை நூலகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் மேசையைப் பார்த்துக்கொள்கிற அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும், அந்தக் கட்டடத்து லிஃப்டை நான் ஒரு காலத்தில் சரி செய்திருக்கிறேனாம், பார்த்த உடனே லிஃப்ட் சார்தானே, உக்காருங்க என்றார். அவர்தான் செய்து காட்டினார். ஃபைலைத் தேர்ந்தெடுத்து, எந்த வகையாக மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போகும், அது அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தால் புத்தகம் தயார். எனக்குப் பிடித்துப் போயிற்று. அன்றைக்கே அவர் ஒன்று சொன்னார், சார், சில பழைய புத்தகத்துல எழுத்தே வேற, அந்தக் காலத்துல ஆளுக்கொரு எழுத்துரு வெச்சிருந்தாங்க, அதையெல்லாம் முதல்ல பொதுவான எழுத்துக்கு மாத்திட்டு அப்புறந்தான் இந்தப் பொத்தான், எதுக்கும் ஒவ்வொண்ணையும் தொறந்து உள்ள ஒரு பக்கம் பாத்துருங்க என்று. நான் தலையை ஆட்டினேன். காதில் வாங்கியது பாதி, காற்றில் விட்டது பாதி. அட்டைப்படம் அழகாக வந்துவிட்டதே, அதைப் பார்த்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

முதல் புத்தகத்தை ஏற்றிக் கொண்டுவந்து அம்மாவின் இடது கையில் கொடுத்த அன்று நான் உனக்குப் போன் செய்து அழுதேனே, அது நிஜம். ஜன்னலோர நாற்காலியில் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். ரீடரை வாங்கிக் கட்டைவிரலால் ஓரத்தில் இருக்கிற பொத்தானை அமுக்கினாள், பக்கம் திரும்பியது. கொஞ்சம் கழித்து மறுபடி. எதிரே நாற்காலி போட்டு அவள் கண் வரிகளில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படிக்கிறியா என்றேன், ஆமா என்றாள். அவளிடம் மிஞ்சியிருக்கிற ஒரே சொல் ஆமாதான், பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்த ஆமாவை முழுசாக நம்பினேன். பன்னிரண்டு நாளில் ஒரு புத்தகம் முடிந்தது. அடுத்ததை ஏற்றினேன். அந்த வாரம்தான் நீ கேட்டாய், பரிசோதனைக் கூடத்துல மூணு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்கப்பா, போடவா, இல்ல வேலைய விட்டுட்டு வந்துரவா, அம்மா தேறுவாளா, உண்மையச் சொல்லு என்று. நான் சொன்னேன், ஒரு புத்தகம் முடிச்சுட்டாம்மா, ரெண்டாவதும் ஆரம்பிச்சுட்டா, பேச்சும் வந்துரும், நீ தைரியமா போடு. அப்போது அது பொய் இல்லை, சத்தியமாக இல்லை. நீ புதன்கிழமை கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாய். நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலையில், நீ போன் செய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்.

சார்ஜ் போடுவதற்காக அவள் மடியிலிருந்து ரீடரை எடுத்தேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்ததால் திரை தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கமாவும் நட்சத்திரமும் கேள்விக்குறியும், நடுநடுவே தலைகால் தெரியாத ஆங்கில எழுத்தும், கொட்டி வைத்த ஆணிப்பெட்டி மாதிரி ஒரு முழுப் பக்கம். கீழே பக்கம் நூற்று நாற்பது என்று போட்டிருந்தது. ஏதோ அந்த ஒரு பக்கம்தான் கெட்டுப்போய்விட்டது என்று முன்னால் திருப்பினேன், நூற்று முப்பத்தொன்பது, நூற்று முப்பத்தெட்டு, கடைசியில் முதல் பக்கத்துக்கே போனேன், முதல் வரியிலிருந்தே அப்படித்தான். நூலகத்து அம்மாள் சொன்ன வேறு எழுத்து வகைப் புத்தகம் அது, முதல் படியை விட்டுவிட்டு நேராகப் பொத்தானை அழுத்தியது நான். உன் அம்மா யார்? வக்கீல் ஆபீசில் இருபத்தொன்பது வருஷம் டைப்படித்தவள், சலூன்காரர் பலகையில் முடி திறுத்தகம் என்று வல்லின ற போட்டிருந்ததற்காக உள்ளே போய், முகத்தில் சோப்போடு ஒருத்தர் உட்கார்ந்திருக்கும்போதே திருத்திவிட்டு வந்தவள். அவள் ஆறு நாளாக அந்த ஆணிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பியிருக்கிறாள், முகம் சுளிக்கவில்லை, என்னைக் கூப்பிடவில்லை, ரீடரைத் தள்ளிவிடவும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கிறியா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமா என்றிருப்பாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம், உன்னிடம் வழக்கமான பரிசோதனை என்று சொன்னேனே, அது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பெரிய எழுத்தில் சொற்கள் எழுதிய அட்டைகளை மேசையில் பரப்பினார், கதவு, தண்ணீர், சட்டை என்று. தண்ணீரைக் காட்டுங்கம்மா என்றார். அம்மா அட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்ப்பார்களே அந்த மாதிரி. அந்தப் பெண் நல்லவர், சார், நீங்க கொஞ்சம் பின்னாடி உக்காருங்க என்றார். பிறகு வீட்டில் மகளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று என்னிடம் கேட்டு வாயாடி என்று ஒரு அட்டையில் எழுதி, அதோடு இன்னும் இரண்டு அட்டை சேர்த்து வைத்து, உங்க பொண்ணைக் காட்டுங்கம்மா என்றார். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசியில் சட்டையைக் காட்டினாள். வெளியே வந்து அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுத்து கண்ணுக்குத் தெரியுது சார், ஆனா அது சொல்லா மாறி உள்ள போய்ச் சேரலை, இவ்வளவு மாசம் கழிச்சு இனிமே திரும்பும்னு நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னார், அவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்.

இதையும் தாங்கிக்கொண்டிருப்பேன் வாயாடி. அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் துணைக்கு வருகிற அக்காவிடம் அன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார், மடித்துக்கொண்டே சொன்னார், நீங்க வெளிய போனா அம்மா அதைத் தொடவே மாட்டாங்க சார், மடியில கெடக்கும், படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டாத்தான் எடுத்துக் கையில வெச்சுக்குவாங்க. ஏன் என்கிட்ட சொல்லலை என்றேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களே என்றார். அந்தத் துணிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே, நல்ல எழுத்து இருந்த முதல் புத்தகத்திலும் அவள் ஒரு வரி படிக்கவில்லை, நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்காகத் திருப்பியிருக்கிறாள். பாதி உடம்பு போய், சொல்லெல்லாம் போய், மிச்சமிருந்த ஒரு கட்டைவிரலால் என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறாள். அதை வைத்துத்தான் உன்னை நான் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வைத்தேன்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் ஞாயிறு, இப்போதுதானே கையெழுத்துப் போட்டாள், மனசு உடைந்துவிடும் என்று விட்டேன். இரண்டாவது ஞாயிறு நீயே உற்சாகமாக எந்தப் புத்தகம்பா இப்ப என்று கேட்டாய், வாய்க்கு வந்த ஒரு தலைப்பைச் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு கதையில் என்ன நடக்கிறது என்று கேட்டாய், அதையும் இட்டுக்கட்டிச் சொன்னேன், நீ நன்றாயிருக்கிறதே என்றாய். ஆயுசுக்கும் ஒரு புத்தகம் முழுசாகப் படிக்காதவன், வாரா வாரம் கதை கட்டினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள், நான் கெட்டிக்காரனும் இல்லை, ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியிருக்கிறேன். போன வாரம் நீ அம்மா காதில் போனை வைக்கச் சொல்லி, படிக்கிறியாம்மா என்று கேட்டாய், அவள் ஆமா என்றாள், அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் இனி இதைக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். உன்னை ஏமாற்றியதற்கு அப்பாவை மன்னிக்க வேண்டியதில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

நான் வாய்விட்டுப் படித்துக் காட்டலாமே என்று நீ சொல்வாய், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். செய்து பார்த்தேன். சரியாக மாற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கத்தில் கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான், ஆனால் எடுக்கவில்லை. பேச்சும் வேகமாகப் போனால் அவளுக்கு வெறும் இரைச்சல்தானாம், பிறகு அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதோடு அதை விட்டேன். சரி, இந்த நாடகம் போதும் என்று ரீடரை அவள் கையிலிருந்து வாங்கி வைக்கப் பார்த்தேன், வேண்டாம்மா, கஷ்டப்படாதே என்றேன். விடவில்லை. இடது கை அவ்வளவு பலமாகப் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாமல் இன்னும் எனக்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாளா, இல்லை அது கையில் இருந்தால் அவளுக்கே ஏதோ பிடிப்பா, கேட்க வழியில்லை. அதனால் நான் ஒன்று செய்தேன். என் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டுவிட்டேன். அவளுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு. நான் பார்க்காவிட்டால் அவள் பக்கம் திருப்ப வேண்டியதில்லை இல்லையா. முதல் இரண்டு நாள் பொத்தான் சத்தம் கேட்டது. இப்போது கேட்பதில்லை.

நூலகத்துக்கு இன்னும் போகிறேன். நிறுத்திக்கொள்கிறேன், பென்டிரைவில் இருப்பதை அழித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் ஒரு நாள் போனேன், அந்த அம்மாள் கேட்டுவிட்டு, அழிக்கிறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துருங்க சார் என்று பென்டிரைவில் ஒரு சின்ன ஃபைலைத் திறந்து காட்டினார். பழைய ரீடரில் படிக்கும்போது உன் அம்மா அங்கங்கே குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள், அதெல்லாம் நம் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு ஃபைலில் சேர்ந்து, புத்தகங்களோடு பென்டிரைவுக்கு வந்திருக்கிறது, புத்தகத்தை மாற்றும்போது கூட வராதாம். முந்நூறுக்கு மேல் இருந்தது. என்னைப் பற்றி ஏதாவது இருக்கும், உன்னைப் பற்றி இருக்கும், மனசில் இருந்ததை எழுதியிருப்பாள் என்று ஆசையாக உட்கார்ந்தேன். எல்லாம் எழுத்துப் பிழை. இங்கே சின்ன ர, இந்த இடத்தில் ஒற்று விட்டுப்போச்சு, ஒருமை பன்மை மயக்கம், இது தந்நகரம் இல்லை றன்னகரம், இப்படியே பக்கம் பக்கமாக. ஒரே ஒரு இடத்தில் என்னைப் பற்றி வருகிறது, கொலைகாரன் யார்னு தெரியற நேரத்துல டீ கேக்கறார் மனுஷன் என்று. உன்னைப் பற்றியும் ஒன்று இருக்கிறது, ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வாயாடிக்குப் பிடிக்கும் என்று மட்டும். அந்தப் புத்தகத்தைச் சரியாக மாற்றி, உள்ளே ஒவ்வொரு பக்கமும் பார்த்து, உனக்கு மெயிலில் போட்டிருக்கிறேன். அம்மா அதில் குறித்திருந்த மூன்று பிழைகளையும் திருத்திவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஆமாம், இப்போது அந்த வேலைதான் செய்கிறேன். காலை பத்திலிருந்து ஒரு மணிவரை, அக்கா வீட்டில் இருக்கிற நேரத்தில். எழுத்தைப் பொதுவான எழுத்துக்கு மாற்றுகிறேன், பிறகு வகையை மாற்றுகிறேன், பிறகு உன் அம்மாவின் குறிப்பை வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடிப் பிழையைத் திருத்துகிறேன். பத்தொன்பது புத்தகம் முடிந்திருக்கிறது. ர எது ற எது என்று எனக்கே இந்த வயதில்தான் விளங்குகிறது. யாருக்காக என்று நூலகத்து அம்மாள் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. படிக்கத் தெரியாமல் போனவளானாலும் அவள் மடியில் குப்பையை வைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி உன் விஷயம். வா என்றும் எழுத மாட்டேன், வராதே என்றும் எழுத மாட்டேன். நீ வந்தாலும் அவளுக்கு எழுத்து திரும்பப் போவதில்லை, வராவிட்டாலும் இதற்கு மேல் போவதற்கு ஒன்றும் இல்லை, இதுதான் உண்மை, இதை வைத்துக்கொண்டு நீயே யோசி. என் பேச்சைக் கேட்டு முடிவெடுத்தது ஒருமுறை போதும். பரிசோதனைக் கூடத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. குளிர் தொடங்கிவிட்டது என்றாய், ஈரத் தலையோடு வெளியே போகாதே, அம்மாவுக்குப் பேச்சு இருந்தால் இதை முதலில் சொல்லியிருப்பாள், அதனால் நான் கடைசியில் சொல்கிறேன். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மா காதிலும் வைக்கிறேன், மெதுவாக, சின்னச் சின்னதாகப் பேசு, கேள்வி மட்டும் கேட்காதே. கேள்வி கேட்டால் அவள் ஆமா என்று சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் தொடங்கியது ஒவ்வொன்றும் நல்லபடி முடிய வேண்டும், இது என் ஆசீர்வாதம், அம்மாவுடையதும் சேர்த்து. ஒன்றை மட்டும் மறக்காதே. ஒவ்வொரு வாரமும் நான் எப்படி இருக்கிறாய் என்று கேட்கும்போது, எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன் என்கிறாய். இந்த ஒரு மாதமாக அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் யாரும் அடுத்தவரை அழ வைக்க மாட்டோம் போலிருக்கிறது. நிஜமாகவே நன்றாக இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால், போனில் வேண்டாம், எழுது.

உன்
அப்பா